புத்தகம் கொடுத்தவர்களுக்கும் வகுப்பைக் கொடுத்தவர்களுக்கும்

மண்டபத்திலும் பாம்பனிலும் எனக்குக் கை கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

பி.எட். இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. இனி முடிவு வர வேண்டும், தகுதித் தேர்வு எழுத வேண்டும், அதற்கப்புறம்தான் வேலை. "வேலை கிடைத்த பிறகு எல்லோருக்கும் சேர்த்து நன்றி சொல்லிக்கொள்" என்று அண்ணன் சொன்னான். தமிழாசிரியர் பணியிடம் எப்போது அறிவிப்பார்களோ, யாருக்குத் தெரியும்? அதுவரை தள்ளிப்போட எனக்கு மனசில்லை.

முதலில் அம்மா. கடற்பாசி எடுத்த காசில்தான் எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார். விடியுமுன் வல்லத்தில் ஏறித் தீவுப் பக்கம் போய், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து வருகிற வேலை அது. இதையெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் அம்மாவுக்குப் பிடிக்காது, அதனால் இதோடு விடுகிறேன். ஒன்று மட்டும். இரவில் நான் பாடம் நடத்திப் பார்க்கும்போது மாணவிகளாக எதிரே உட்கார்ந்தது அம்மாவும் சித்தியும்தான். சித்தி எந்தக் கேள்வி கேட்டாலும் "தெரியாது டீச்சர்" என்று எழுந்து நிற்பார். இதைவிடக் கடினமான வகுப்பு எனக்கு இனி அமையாது.

அடுத்து எங்கள் கிளை நூலகத்து அண்ணன். போட்டித் தேர்வு நூல்களுக்கு மட்டுமே ஆள் வரும் நூலகம் அது. அங்கே கதைப் புத்தகம் கேட்டுப் போன பள்ளிக்கூடப் பிள்ளையை அவர் உட்கார வைத்துப் பேசினார். அட்டைக்குப் பணம் கட்ட வழியில்லாத நாளில் தன் பெயரில் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு ஒரு நாயகர் உண்டு, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனதையும், 1931இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் எழுதியதையும் அண்ணன் ஏதோ நேற்று நடந்ததுபோலச் சொல்வார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை அவற்றில் இரண்டு. எனக்கு எது பிடிக்கும் என்று எனக்கே தெரியாதபோது அவருக்குத் தெரிந்திருந்தது. மெலிந்த புத்தகங்களாகத் தொடங்கி, என்னை அறியாமலே சங்கப் பாடல்கள் வரை கொண்டுவந்து விட்டார். பிறகு பயிற்சிக்குப் போன பள்ளியில் அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களைப் பார்த்தேன். நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அண்ணன் எனக்குச் செய்தது இதைத்தான், அவருக்குத் திட்டமும் கிடையாது, பெயரும் கிடையாது.

நாயகர் என்றதும் எங்கள் பக்கத்தில் வேறு பேச்சே இல்லை. கலாம்தான். கட்டுரைப் போட்டி வைத்தால் மொத்த வகுப்பும் ஒரே கட்டுரையைத் தரும். 15.10.1931 பிறப்பு, ஏவுகணை, குடியரசுத் தலைவர், கனவு காணுங்கள், முற்றுப்புள்ளி. அவரைப் பிடிக்காது என்றில்லை. பேக்கரும்பில் அவர் நினைவிடத்தைக் கடக்கும்போது இன்றும் பேருந்து ஜன்னலில் எட்டிப் பார்க்கிறவள்தான் நான். ஆனால் அந்தக் கட்டுரையில் கலாம் இல்லை, வழிகாட்டி நூல்தான் இருக்கிறது.

கல்லூரியில் எங்களுக்குத் தமிழ் கற்பித்தல் பாடம் எடுத்த ஐயாவுக்கு இந்த இடத்தில் நன்றி சொல்லியாக வேண்டும். கலாமைப் படிப்பதென்றால் அவருக்குக் கொடுத்தவர்களின் பக்கமிருந்து படியுங்கள் என்றார். அப்படிப் படித்தால் ராமேசுவரமே வேறு ஊராகத் தெரிகிறது. எஸ்.டி.ஆர்.மாணிக்கம் என்றொருவர், விடுதலைப் போராட்டத்தில் இருந்தவர், வீட்டில் நிறையப் புத்தகம் வைத்திருந்து அந்தப் பையனுக்குக் கொடுத்திருக்கிறார். போர்க்காலத்தில் ரயில் நிற்காமல் போக, ஓடும் ரயிலிலிருந்து வீசிய செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கும் வேலையைக் கொடுத்தவர் கலாமின் உறவுக்காரர் சம்சுதீன். அப்புறம் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு நடத்திவிட்டு, புரிந்ததா என்று கேட்டிருக்கிறார். கலாம் புரியவில்லை என்றார், இன்னும் பல பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். ஐயர் கோபப்படவில்லை, எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப் போய்ப் பறவைகளையே காட்டினார்.

எல்லோரும் சொல்லித் தேய்ந்த கதை இது. பாடக் குறிப்பு எழுதுகிறவளாக இதைப் படித்தபோது எனக்கு விமானமோ ஏவுகணையோ கண்ணில் படவில்லை. புரியவில்லை என்று பிள்ளைகள் பயமில்லாமல் சொல்ல முடிந்த வகுப்பு ஒன்று ராமேசுவரத்தில் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது என்பதுதான் பட்டது. என் குறிப்பேட்டில் ஆர்வமூட்டல், பாட வளர்ச்சி, தொகுத்தல், மதிப்பீடு என்று நிமிடக் கணக்குப் போட்டு எழுதியிருப்பேன். புரியவில்லை என்று யாராவது சொன்னால் என்ன செய்வது என்பதற்கு அதில் கட்டமே கிடையாது. ஐயாவிடம் கேட்டேன். "நீயே ஒன்று போட்டுக்கொள், யார் கேட்கப் போகிறார்கள்?" என்றார். போட்டுக்கொண்டேன்.

பயிற்சிப் பள்ளியில் எனக்கு வழிகாட்டியாக இருந்த டீச்சருக்குச் சொல்லும் நன்றிதான் இந்த மடலிலேயே பெரியது. நெய்தல் திணை, அதாவது கடற்கரையைப் பாடும் சங்கப் பாட்டு, நடத்த வேண்டும் என்று முடிவானதும், ஒரு வரி எழுதவிடாமல், வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் சொன்னார். யார் வீட்டில் விசைப்படகு, யார் வீட்டில் நாட்டுப்படகு, யார் அம்மா கருவாடு விற்கிறார், எந்தப் பிள்ளையின் அப்பா அப்போது இலங்கைச் சிறையில் இருந்தார். "நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். நீ அதை விளக்க வேண்டாம், பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்ததை எழுந்து நின்று சொல்லச் சொல்லி வற்புறுத்தாமல் இருந்தால் போதும்" என்றார். இரங்கல் என்றால் பிரிந்தவரை நினைத்துக் கரையில் வருந்துவது. கல்வி உளவியல் தாளில் நான் படித்த எதுவும் இவ்வளவு தெளிவாக இல்லை.

அதனால் காற்றிலிருந்து தொடங்கினேன். நெய்தலின் சிறுபொழுதாக, அதாவது அதற்குரிய நேரமாக, பாடநூல் சொல்லும் எற்பாடும், எனக்குக் கொடுத்த பிரிவேளையும் ஒன்றாக அமைந்தது நல்லதாயிற்று. பிற்பகல் 2 மணிக்கு மேல், ஜன்னல் வழியே உப்புக் காற்று. பலகையில் மண்டபத்து நிலமுனையை மட்டும் வரைந்தேன். மேலே வடகடல், கீழே தென்கடல். மற்றதைப் பிள்ளைகள் நிரப்பினார்கள். வாடை வீசினால் வடகடல் கலங்கும், கச்சான் காற்று வீசினால் தென்கடல் கலங்கும், அப்போது வல்லத்தை எந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்டுவார்கள் என்று ஒரே சண்டை. வகுப்பில் வாயே திறக்காத பையன் எழுந்து வந்து என் அம்புக்குறியைத் துடைத்துவிட்டுத் தான் ஒன்று போட்டான். தாழை, புன்னை, திமில் என்னும் படகு, உப்பு விற்கும் உமணர் எல்லாம் அதற்குப் பிறகு தானாக வந்து சேர்ந்தன. இரங்கலைப் பற்றி நான் கேட்கவில்லை. கடைசியில் ஒரு பெண் பிள்ளை மட்டும், "பாட்டுல வர்ற பொண்ணுகிட்ட போன் இல்ல, அதான் கரையிலயே நிக்குது" என்றாள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அதைவிட நல்ல உரை எனக்கு எழுத வராது.

அந்த எட்டாம் வகுப்புக்கும் என் நன்றி. 'நான் போற்றும் மனிதர்' கட்டுரைக்கு நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: நீங்கள் நேரில் பார்க்கக்கூடிய தூரத்தில் இருப்பவராக இருக்க வேண்டும். முனகினார்கள். எடுத்துக்காட்டாகச் சின்னப்பாலம் லட்சுமி அவர்களைப் பற்றிச் சொன்னேன். பாசி எடுக்கும் பெண்களைத் திரட்டியதற்காக 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருது பெற்றவர். மாதத்தில் இத்தனை நாள்தான் கடலில் இறங்குவது என்று பெண்கள் தாங்களே வரையறுத்துக்கொண்ட கதையைக் கேட்டதும், எங்க அத்தை, எங்க அப்பத்தா என்று வரிசையாகக் கைகள் தூக்கின. வந்த கட்டுரைகளில் எழுத்துப்பிழை ஏராளம். ஆனால் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை, திருத்த உட்கார்ந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஆசிரியர்களுக்குத் தெரியும்.

இன்னும் சிலர். பாடக் குறிப்புக்கு நகல் எடுக்கும்போதெல்லாம் "டீச்சராயிட்டுக் குடும்மா" என்று கணக்கில் எழுதிக்கொண்ட ஜெராக்ஸ் கடை மாமா, அந்தக் கணக்கு இன்னும் நிற்கிறது, மறக்கவில்லை. சார்ட் சுருளோடு கூட்டத்தில் ஏறினால் தன் இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொண்ட ராமநாதபுரம் பேருந்து நடத்துநர். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கிவிட்டால் எந்த வீட்டிலும் கையில் காசு இருக்காது. அந்த 61 நாட்களுக்குள் ஒரு தேர்வுக் கட்டணம் வந்தபோது பங்கு போட்டுக் கட்டிய எங்கள் தெருப் பெண்கள், யார் யார் என்று எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. பழைய சிறுவர் இதழ்கள், கதைப் புத்தகங்கள், அட்டை கிழிந்திருந்தாலும் சரி, எடைக்குப் போட வேண்டாம். எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு மீன் பெட்டியைக் கழுவிக் காயவைத்துப் போட்டிருக்கிறேன், அதில் வைத்துவிடுங்கள். எடுத்துப் போகிற பிள்ளைகளிடம் பெயர் மட்டும் எழுதி வாங்கிக்கொள்ள சித்தி ஒப்புக்கொண்டிருக்கிறார். மழைக்காலத்தில் பெட்டி வீட்டுக்குள் இருக்கும், கூப்பிட்டால் போதும்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பெண்