ராத்திரி வந்த மெயில்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நான் பதறியதைக் கேட்டு நீ சிரித்தாய். "புது நம்பருக்கு மாத்தினேம்மா, அவ்வளவுதான்" என்றாய். நீ திரும்பக் கூப்பிடுவதற்குள் போன அந்த அரை மணி நேரத்தைச் சொன்னால்தான் இந்தக் கடிதம் எதற்கென்று உனக்குப் புரியும்.

படுக்கப் போகும் முன் போனைப் பார்த்தேன். உன் ஜிமெயில் கணக்கின் மீட்பு எண், அதாவது பாஸ்வேர்டு மறந்தால் குறியீடு வரும் போன் எண், மாற்றப்பட்டது என்று ஒரு மெயில். காலேஜ் சேர்ந்தபோது நீ என் மெயில் முகவரியைத்தானே மீட்பு மெயிலாகக் கொடுத்தாய், அதனால் எனக்கு வந்திருக்கிறது. சரிபார்க்கச் சொல்லி ஒரு பொத்தானும் இருந்தது. இதே மாதிரி போலி மெயில் அனுப்பித்தானே பாஸ்வேர்டைப் பறிக்கிறார்கள் என்று அதைத் தொடவில்லை. உன்னைக் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப். நான்கு தடவை அடித்தேன், நான்கு தடவையும் அதே குரல்.

தம்பி, சிம் திருட்டு நடந்தால் வெளியே இருப்பவருக்கு இப்படித்தான் தெரியும். உன் பெயரைச் சொல்லி உன் எண்ணுக்கு வேறொருவன் புது சிம் வாங்குவான். உன் போனில் சிக்னல் செத்துவிடும். ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும். உடனே உள்ளே நுழைந்து முதல் வேலையாக மீட்பு எண்ணை மாற்றுவான். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைமை அதிகாரியாக இருந்த ஜாக் டோர்சியின் ட்விட்டர் கணக்கே இப்படி எண் பறிபோய்த்தான் அடுத்தவன் கைக்குப் போனது. அவருக்கே அந்த நிலை என்றால் உனக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து எனக்குக் கை நடுங்கியது.

பாஸ்வேர்டு மட்டும் போனால் நான் அவ்வளவு பயப்பட மாட்டேன். மறந்துவிட்டது என்று சொல்லி வேறு வாங்கலாம். மீட்பு எண்ணும் மெயிலும் மாறிவிட்டால் கணக்குக்குச் சொந்தக்காரன் அவன், நாம் வெளியாள். நாம் என்ன நிரூபித்தாலும் குறியீடு அவன் போனுக்குத்தான் போகும். அதனால்தான் கூகுள் கொஞ்சம் அவகாசம் வைத்திருக்கிறது. மீட்பு விவரம் மாறினாலும் 7 நாள் வரை பழைய எண்ணுக்கோ பழைய மெயிலுக்கோ குறியீடு வாங்க வழி கிடைக்கலாம். ஆனால் அந்தப் பழைய மெயிலை யாராவது திறந்து பார்க்க வேண்டுமே! எட்டாவது நாள் பார்த்து என்ன பயன்?

உன் ஐபோனிலும் ஒன்று பார். போன் திருடு போனால் காப்பாற்றும் வசதி ஒன்றை 2024 ஜனவரியில், ஐபோனின் ஐஓஎஸ் 17.3 மென்பொருளில் கொண்டுவந்தார்கள். பழகிய இடத்துக்கு வெளியே இருக்கும்போது ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமென்றால் முகத்தைக் காட்டி, 1 மணி நேரம் காத்திருந்து, மறுபடியும் முகத்தைக் காட்ட வேண்டும். பக்கத்தில் நின்று பாஸ்கோடை எட்டிப் பார்த்துவிட்டுப் போனைப் பிடுங்குகிறவனிடம் அந்த முகம் இருக்காது. செட்டிங்ஸில் பாஸ்கோடு பகுதியில் இருக்கிறது. இன்றே போட்டுவிடு.

அப்புறம் உன் பழைய மெயில் கணக்கு. பாஸ்வேர்டு மறந்தால் அது கேட்கும் "முதலில் படித்த பள்ளி எது" என்ற கேள்விக்கு நீ உண்மையான பதிலைக் கொடுத்திருக்கிறாய். பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிச் சொன்னது நான்தான். 2008-இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் யாஹூ மெயிலுக்குள் நுழைந்தவன், கணவரை எங்கே சந்தித்தார் என்பது போன்ற கேள்விகளுக்குப் பதிலை இணையத்திலேயே தேடி எடுத்துக்கொண்டான். பள்ளிப் படத்தை நீயே எல்லோரும் பார்க்கப் போட்டிருக்கிறாய். அந்தப் பதிலை அர்த்தமில்லாத ஏதாவதாக மாற்றி எழுதி வை.

இப்போது என் பக்கத்துக்கு வருகிறேன். நீ போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. என் கணக்கைத் திறந்து எந்தெந்தக் கருவியில் உள்ளே இருக்கிறேன் என்று பார்த்தேன். வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது, ஆபீஸில் நான் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர் இன்னும் அந்தப் பட்டியலில் இருந்தது. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் உன் கணக்கில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தி, எனக்கு வரும் குறியீட்டைப் படித்திருக்கலாம். உன் வீட்டுச் சாவியை இத்தனை நாள் திறந்த மேஜையில் வைத்திருந்திருக்கிறேன், தம்பி. அந்தக் கம்ப்யூட்டரைக் கணக்கிலிருந்து வெளியேற்றினேன், பாஸ்வேர்டை மாற்றினேன், பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டேன். போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய அவர்கள் கொடுத்த 10 பேக்கப் குறியீடுகளைத் தாளில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். வரும் மெயிலைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் ஃபார்வர்டிங்கும், தானாக ஒதுக்கவோ அழிக்கவோ செய்யும் ஃபில்டரும் பார்த்தேன், ஒன்றும் இல்லை. நீயும் பார். உள்ளே வந்தவன் எச்சரிக்கை மெயில் நம் கண்ணில் படாமல் தானாக அழிந்துபோக அங்கேதான் ஏற்பாடு செய்வான்.

என் முகவரியை எடுத்துவிடு என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது மனசு மாறிவிட்டது. நேற்று அந்த மெயிலை உடனே பார்த்தது நான்தானே. இருக்கட்டும். ஆனால் இனி எண்ணோ மெயிலோ மாற்றும் முன் எனக்கு ஒரு வரி அனுப்பு. சொல்லாமல் மாறினால் திருட்டு என்றே எடுத்துக்கொள்வேன், எந்த நேரமானாலும் கூப்பிடுவேன்.

பழைய சிம்மைக் கழற்றி டிராயரில் வைத்திருப்பதாகச் சொன்னாய். அதை இப்போதே விட்டுவிடாதே. நீ விட்ட எண் கொஞ்ச காலத்தில் வேறொருவருக்குப் போய்விடும், அதை நம்பியிருக்கும் கணக்கும் அவர் கைக்கு எட்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. பேங்க், வாட்ஸ்அப், அந்தப் பழைய மெயில் என்று எதில் எந்த எண் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றிவிடுவோம்.

அன்புடன்,
அம்மா