ஷார்லட்டும் அந்தப் பின்பக்க அறையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ (1813) நாவலைப் படிக்கிறவர்கள் கதாநாயகி எலிசபெத்தைக் கொண்டாடுகிறார்கள். அவள் தோழி ஷார்லட்டைப் பணத்துக்கு விலைபோனவள் என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இது மனசு பொறுக்கவில்லை.

ஷார்லட்டுக்கு வயது 27. அழகில்லை, கையில் காசும் இல்லை. பாதிரியார் காலின்ஸுடன் கல்யாணம் நிச்சயமானதும், அக்கா கன்னியாகவே செத்துப்போவாளோ என்ற கவலை தீர்ந்ததென்று சொந்தத் தம்பிகளே நிம்மதியடைகிறார்கள். அந்த வீட்டில் அவள் இன்னும் எத்தனை வருஷம் இருக்க முடியும்?

கல்யாணத்துக்கு அப்புறம் வருகிற ஒரு காட்சியைப் பாருங்கள். வெளிச்சமான பெரிய அறை இருக்கும்போது, ஷார்லட் பின்பக்க அறையில் போய் உட்காருகிறாள். முன்பக்கம் நல்ல அறையில் இருந்தால் கணவர் அடிக்கடி வந்துவிடுவார்! ஒரு பெண் தனக்கென்று தேடிக்கொண்ட நிம்மதி அவ்வளவுதான். அந்த இடம் வரும்போதெல்லாம் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன்.

ஆஸ்டினே 1802-இல் வசதியான ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதம் சொல்லி, மறுநாள் காலையே மறுத்தவர். அப்பா இறந்தபின் அவரைத் தாங்கச் சகோதரர்கள் இருந்தார்கள். ஷார்லட்டுக்கு யார் இருந்தார்கள்?

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்