பூ வரைந்த ஊரைத் தமிழில் கொண்டுவர உதவுங்கள்

அன்புள்ள தமிழ் உறவுகளுக்கு வணக்கம்.

போலந்தின் கிராக்கோவ் நகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் குடியிருக்கும் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து எழுதும் கடிதம் இது. இங்கே வீட்டுச் சுவர்களில் பூ வரையும் ஸாலிப்யே என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதைப் பற்றித் தமிழில் ஒரு படநூல் கொண்டுவர நாங்கள் ஒரு குழு அமைத்திருக்கிறோம். அதற்கு உங்கள் உதவி தேவைப்படுகிறது. விவரம் சொல்லாமல் பணம் கேட்பது முறையல்ல. முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறோம்.

ஸாலிப்யே, தார்னூவ் நகருக்கு வடக்கே, விஸ்துலா ஆற்றுக்குத் தெற்கே உள்ள சமவெளியில் இருக்கிறது. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். கோட்டையோ அரண்மனையோ இங்கே கிடையாது. போலந்தை மூன்று பேரரசுகள் பங்கு போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பக்கம் ஆஸ்திரியாவிடம் இருந்தது, ஆற்றுக்கு அக்கரை ரஷ்யாவிடம். எல்லையோரத்தில் வாழ்ந்த ஏழை விவசாயிகளின் ஊர்.

அந்த வீடுகளில் அப்போது புகைபோக்கி இல்லை. அடுப்புப் புகை கூரை ஓட்டை வழியாகத்தான் வெளியே போகும். வருடம் முழுக்கச் சுவரெல்லாம் கரி. பண்டிகை நெருங்கும்போது வீட்டுப் பெண்கள் சுண்ணாம்பைக் கரைத்து, கறுத்த இடங்களின்மேல் வெள்ளைத் திட்டுகளாக அப்புவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புகைபோக்கி வைத்த அடுப்புகள் வந்து, சுவர் வெளுப்பாகவே நிற்கத் தொடங்கியது. கரியை மறைக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. ஆனால் வரையும் பழக்கம் போகவில்லை! திட்டுகள் இருந்த இடத்தில் பூக்கள் வந்தன, பூங்கொத்துகள் வந்தன. மாட்டு வால் முடியில் தூரிகை கட்டினார்கள். சுண்ணாம்பு, புகைக்கரி, களிமண் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் வண்ணம். நம்மூர்க் கொழுக்கட்டை போன்ற ஒரு பண்டம் வேகவைத்த பானையில் மிஞ்சும் கொழுப்பில்கூட வண்ணத்தைக் குழைத்ததாகச் சொல்வார்கள்.

முதல்முறை போனபோது எங்களுடன் வந்த ஓர் அம்மா, பூ வரைந்த ஒரு கிணற்றின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டார். "இவங்களும் நம்மள மாதிரிதான், வாசலுக்குப் பதிலா சுவத்துல போடுறாங்க" என்றார். இந்த நூலுக்கான எண்ணம் அங்கேதான் பிறந்தது.

இந்த ஊரின் பெயர் வெளியே பரவ முக்கியக் காரணமாக இருந்தவர் ஃபெலிட்சியா சுரிவோவா. 1904இல் பிறந்து 1974இல் மறைந்த விவசாயக் குடும்பத்துப் பெண். தன் வீட்டில் இடம் விடாமல் வரைந்தார். மற்றப் பெண்களையும் வரையத் தூண்டினார். அவர் இருந்த வீடு இன்று தார்னூவ் அருங்காட்சியகத்தின் கிளை. உள்ளே சுவர், அடுப்பு, தட்டு எல்லாவற்றிலும் பூக்கள். அங்கே ஒரு மணி நேரமாவது நின்று பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இரண்டாம் உலகப் போர் முடிந்து, நாடே நொறுங்கிக் கிடந்த 1948இல், இங்கே முதல்முறையாக ஓவிய வீடுகளுக்கான போட்டி நடந்தது. இடையில் சில ஆண்டுகள் நின்று, 1965 முதல் தொடர்ந்து நடக்கிறது. வசந்தம் முடியும் தறுவாயில் வரும் நற்கருணைத் திருநாள் என்ற கத்தோலிக்கத் திருவிழாவையொட்டி நடுவர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறார்கள். மழையும் வெயிலும் பட்டு வெளுத்த பூக்களை அதற்குள் புதுப்பித்தாக வேண்டும். அப்படி வரைந்துகொண்டே இருப்பதால்தான் இந்தக் கலை இன்னும் உயிரோடு இருக்கிறது. எல்லா வீட்டிலும் ஓவியம் இருக்கும் என்று நினைத்து வராதீர்கள். ஓவிய வீடுகள் ஊரெங்கும் சிதறிக் கிடக்கின்றன, நடந்துதான் தேட வேண்டும். கோழிக்கூண்டிலும் நாய்க்கூண்டிலும்கூடப் பூ இருக்கும். தீயணைப்பு நிலையம், புனித சூசையப்பர் ஆலயத்தின் உட்புறம், 1970களின் பிற்பகுதியில் கட்டிய 'ஓவியப் பெண்கள் இல்லம்' என்ற பண்பாட்டு மையம் ஆகியவற்றையும் விடாமல் பாருங்கள்.

இந்த நூலைத் தமிழில் கொண்டுவர இன்னொரு காரணமும் உண்டு. வாண்டா டைனோவ்ஸ்கா என்ற போலந்துப் பெண்மணி, உமாதேவி என்ற பெயரோடு இந்தியாவிலேயே வாழ்ந்து 1971இல் இங்கிருந்து வெகுதொலைவில், மைசூரில் மறைந்தவர். சென்னையிலிருந்து ஒரு நூல் வரிசை நடத்தி, இந்திய நூல்களைப் போலிஷ் மொழியில் வெளியிட்டார். திருக்குறளையும் மொழிபெயர்த்தார். நம் குறளை அவர்கள் மொழியில் கொடுத்தவரின் நாட்டிலிருந்து ஒரு சிற்றூரையாவது நாம் தமிழில் கொடுக்க வேண்டாமா?

சரி, கணக்குக்கு வருவோம். மொத்தச் செலவு 3,40,000 ரூபாய். அதில் 1,20,000 ரூபாய் ஊரின் ஓவியப் பெண்களுக்கு. நூலுக்காகவே அவர்கள் புதிதாக வரைந்து தருவார்கள். அவர்கள் படங்களைக் கேட்காமல் எடுத்துப் போடுவதை நாங்கள் செய்ய மாட்டோம். அச்சுக்கு, 1,000 பிரதிகளுக்கு, 1,50,000 ரூபாய். தூரிகை கட்டுவதிலிருந்து இதழ் போடும் வரிசை வரை படிப்படியாக எழுதிக் காட்டப்போகிறோம், அதனால் வண்ண அச்சைக் குறைக்க முடியவில்லை. மீதி 70,000 ரூபாய் மொழிபெயர்ப்புக்கும் அஞ்சலுக்கும். குழுவில் உள்ளவர்கள் இதுவரை 90,000 ரூபாய் போட்டிருக்கிறோம். இன்னும் 2,50,000 ரூபாய் சேர வேண்டும்.

அறுநூறு பிரதிகள் தமிழ்நாட்டு, இலங்கைப் பள்ளிகளுக்கும் சிறு நூலகங்களுக்கும் இலவசமாகப் போகும். மற்றவற்றை விற்று வரும் பணம் இரண்டாம் பதிப்புக்கு. 340 ரூபாய் கொடுத்தால் ஒரு பிரதியின் முழுச் செலவும் உங்களுடையது. எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லலாம். உங்கள் சொந்த ஊர்ப் பள்ளியைச் சொன்னால் எங்களுக்கு இன்னும் மகிழ்ச்சி. அதைவிடக் குறைவாகக் கொடுத்தாலும் நன்றியோடு வாங்கிக்கொள்வோம்.

பணமாக முடியாதவர்கள் வேறு விதத்திலும் உதவலாம். போலிஷ் தெரிந்தவர்கள் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க வேண்டும். கோலம் போடும் பாட்டிமார், அம்மாமார் தங்கள் கோலங்களைப் படமெடுத்து அனுப்பினால், ஓவியப் பெண்களிடம் காட்ட எடுத்துப் போவோம். அவர்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள், "உங்கள் ஊர்ப் பெண்கள் வரைவதை எப்போது காட்டுவீர்கள்?" என்று.

இந்தக் கடிதத்தை உங்களிடம் தந்த குழு உறுப்பினரிடமே நன்கொடையைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் அனுப்பிவைப்போம். நூல் வராமல் போனால் பணம் அவரவருக்கே திரும்பி வரும்.

அன்புடன்,
நூல் குழுவினர், கிராக்கோவ்