உழைப்பாளர் சிலையிலிருந்து தொடங்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கலைக்கூடங்களில் கல்லூரி மாணவர்களைப் பயிற்சிக்கு எடுத்து, பார்வையாளர்களோடு பேசவிடுவது நல்ல ஏற்பாடு. ஆனால் கையில் ஒரு கட்டுக் குறிப்பைக் கொடுத்து அனுப்பிவிட்டால் ஓவியர் பிறந்த ஆண்டு, பாணி, விருது என்று மாணவர் ஒப்பிப்பார். வந்தவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். படத்தை இருவருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தியா கேட் பக்கத்தில் ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கும் தேசிய நவீனக் கலைக்கூடத்தையே எடுத்துக்கொள்வோம். கோடை விடுமுறையில் தில்லி பார்க்க வரும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு "இதெல்லாம் நமக்கு எங்கே புரியப்போகிறது" என்ற தயக்கம் வாசலிலேயே வந்துவிடும். அங்கே புல்வெளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை நிற்கிறது. 1959இல் சென்னை மெரினாவில் வைத்தார்களே, அதே நால்வர், அதே பாறை. யார் கால் எங்கே ஊன்றியிருக்கிறது, பாரம் யார் முதுகில் இறங்குகிறது என்று சுற்றிவந்து பார்க்கச் சொன்னால் போதும், பிள்ளைகள் அப்படியே நின்று காட்டுவார்கள். வெளியே வாய் திறந்தவர்கள் உள்ளேயும் பேசுவார்கள். அம்ரிதா ஷேர்கில் தென்னாட்டுப் பயணத்துக்குப் பின் 1937இல் தீட்டிய 'பிரம்மச்சாரிகள்' காட்சியில் இருக்கும் நாளில், வெற்று மார்பும் வெள்ளை வேட்டியுமாக இருக்கும் அந்த இளைஞர்களைப் பற்றி ஒரு தமிழ்ப் பாட்டி சொல்வதை மாணவர்தான் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும். எந்தப் படம் மாட்டியிருக்கிறது என்பதைக் காலையிலேயே ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு குழுவுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், நாற்பது நிமிடம், மூன்று படைப்புகள். அதற்கு மேல் கால் வலிக்கும், கவனம் போகும். முதல் ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது. பிறகு "என்ன தெரிகிறது?" என்று கேட்க வேண்டும், பதில் வந்ததும் "எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்விதான் கண்ணை மறுபடி படத்துக்குக் கொண்டுபோகும். சொன்னதை மாணவர் உரக்கத் திருப்பிச் சொன்னால்தான் பின்வரிசைக்குக் கேட்கும். ஆண்டும் பெயரும் கடைசியில் வரட்டும். நிற்பது படத்துக்குப் பக்கவாட்டில்; கையில் பேனா வேண்டாம், பென்சில் போதும். கூட்டத்தில் ஒருவர் இடித்தால் பேனா முனை கேன்வாஸில்தான் போய் நிற்கும்.

"ஏன் இப்படி இருட்டாக வைத்திருக்கிறீர்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள். "அது விதி" என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். காகிதத்தில் தீட்டிய நீர்வண்ணத்துக்குச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் பாதுகாப்பு. எண்ணெய் ஓவியம் 150, 200 வரை தாங்கும். வெளிச்சத்தில் வெளுத்த நிறத்தை எந்தச் சிகிச்சையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. இப்படி விளக்கினால் கேட்டவரே குனிந்து உற்றுப் பார்ப்பார்.

திங்கட்கிழமை விடுமுறை என்பதால் பணியில் இறங்கும் முன் நான்கு திங்களாவது வெற்றுக் கூடத்தில் பழக்கலாம். நின்றுகொண்டே பேசும் வேலை, ஒரு முறைக்கு மூன்று மணி நேரம் போதும். மெட்ரோ செலவும் மதியச் சாப்பாடும் கொடுப்பது நியாயம். அடையாள அட்டையில் தெரிந்த மொழிகளை எழுதட்டும்; 'தமிழ்' என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் தாங்களாகவே நெருங்கி வருவார்கள். பதில் தெரியாத கேள்விகளை மாணவர்கள் ஒரு நோட்டில் எழுதி வாராவாரம் காப்பாளரிடம் கொடுத்தால், எந்தப் படத்தின் விளக்கப் பலகையைத் திருத்தி எழுத வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கலை ஆசிரியர்கள் சிலர்,
ராமகிருஷ்ணபுரம், புது தில்லி