ஒத்து ஊதிய பெரியப்பாவுக்கு

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலம். நீங்களும் பெரியம்மாவும் நலமா? உங்களுக்கு இப்போது எழுத்து சரியாகத் தெரிவதில்லை என்று அண்ணன் சொன்னான். பேத்தியைப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதிவிட்டான் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலு பேருக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

போன வாரம் கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாணம். மைக் செட் நம்முடையது. நாயனம் வாசித்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, அருமையான வாசிப்பு. பின்னால் நிற்காமல் ஒலிக்க வேண்டிய சுருதிக்கு ஒரு செல்போனை மைக் பக்கத்தில் வைத்திருந்தார்கள். கல்யாணி ராகத்தில் மேலே போய் ஒரு இடத்தில் நிற்கிறான், அந்த நேரம் பார்த்துப் போனில் அழைப்பு வந்து சுருதி நின்றுவிட்டது. பந்தலில் யாரும் கவனிக்கவில்லை. எனக்கு, ராத்திரி முழுக்க ஓடிய பம்புசெட் மோட்டார் சட்டென்று நின்றால் வயல்காட்டில் ஒரு வெறுமை வருமே, அப்படி இருந்தது. ஓடிப்போய் மறுபடி போட்டுவிட்டேன். பையன் கண்ணாலேயே நன்றி சொன்னான்.

அப்போதுதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. சாமி புறப்பாட்டில் கோபுர வாசலில் மல்லாரி தொடங்கியதிலிருந்து நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வரும்வரை, உங்கள் ஒத்து ஒரு தடவைகூட நின்று நான் கேட்டதில்லை.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு ஒத்து என்றால் என்னவென்றே தெரியாது. நாயனம் மாதிரியே இருக்கும், அதைவிட நீளம். வாயில் வைத்து ஊத நாணலில் செய்த சீவாளி உண்டு, விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. அடிப்பக்கம் சில துளைகள், அதுவும் மெழுகு வைத்து அடைத்துச் சுருதி சேர்ப்பதற்கு. நாயனத்துக்குச் சுருதியாக ஒரே ஸ்வரம். அதை மூச்சு விடாமல் ஊத வேண்டும். கன்னத்தில் தேக்கிய காற்று வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கால் அடுத்த மூச்சை இழுக்க வேண்டும். எனக்கு ஏழு வயது இருக்கும்போது ஒரு சொம்புத் தண்ணீரும் பப்பாளிக் காம்பும் கொடுத்து, குமிழி நிற்காமல் ஊதச் சொன்னீர்கள். பத்து எண்ணுவதற்குள் நின்றுவிடும். நீங்கள் வாங்கி ஊதினீர்கள். நான் நூறு வரை எண்ணிவிட்டு, எண்ணத் தெரியாமல் விட்டுவிட்டேன். அடுப்பில் உலை கொதிக்கிற மாதிரி அந்தச் சொம்பு கொதித்துக்கொண்டே இருந்தது.

நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை எனக்குக் கொடுத்தது நீங்கள்தான். 1956 டிசம்பரில் அவர் மறைந்தபோது உங்களுக்கு 18 வயது. குடுமியை எடுத்துவிட்டு கிராப்பு வைத்தது, ஷெர்வானி போட்டுக்கொண்டது, நாயனக்காரன் ஏன் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்று மேடையில் உட்கார்ந்தது, உயர்ந்த சுருதியில் பேசும் திமிரி நாயனத்தை விட்டுவிட்டு இரண்டு கட்டைக்கு இறங்கிய பாரி நாயனத்தைக் கொண்டுவந்தது, எல்லாம் நீங்கள் திண்ணையில் கதை மாதிரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். தோடி இசைத்தட்டைப் போட்டால் வெற்றிலையைக்கூட மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வீர்கள்.

ஒத்தை விட்டுவிட்டுத் தம்பூராவை வைத்துக்கொண்டதும் அதே ராஜரத்தினம் பிள்ளைதான். பின்னால் எல்லா மேளத்திலும் சுருதிப் பெட்டி வந்தது, உங்களுக்கு வேலை குறைந்தது, தாளத்தை எடுத்தீர்கள். "உங்க பொழைப்புலயே கைய வச்சவரைப் போய் இப்படிக் கொண்டாடுறீங்களே" என்று ஒருநாள் கேட்டேன். "சீவாளி நனைய நனைய ஒத்துல சுருதி ஆடும்டா தம்பி. அவர் காதுக்கு அது ஆகுமா? எனக்கே ஆகாது" என்றீர்கள். தன் பிழைப்பைவிடச் சுருதி பெரிது என்று நினைத்த ஒரு மனிதரை நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் அவருடைய சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம். 1962-ல் கொஞ்சும் சலங்கை படம் வந்து, ஜானகி குரலோடு அவர் நாயனம் சேர்ந்த அந்த ஆபேரி ராகப் பாட்டு டீக்கடை ரேடியோவில் எல்லாம் கேட்டதாம். இரண்டே வருஷத்தில் அவரும் போய்விட்டார் என்று சொல்லும்போது உங்கள் குரல் இறங்கிவிடும்.

நாயன வித்துவான் ஷேக் சின்ன மௌலானாவைக் கேட்க என்னை ஸ்ரீரங்கத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போனீர்கள். ஆந்திராவில் கரவதியில் பிறந்தவர், நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர் பாணியைக் கற்றுக்கொண்டு ஸ்ரீரங்கத்திலேயே தங்கிவிட்டவர். திரும்பி வரும்போது, "நம்ம ஊர்ச் சொத்து அவர்கிட்ட பத்திரமா இருக்கு" என்று மட்டும் சொன்னீர்கள். வேறு எதுவும் பேசவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. கூழைக்கும்பிடு போடுகிறவனை "ஒத்து ஊதுகிறான்" என்கிறோம், "ஜால்ரா" என்கிறோம். ஒன்று சுருதி, இன்னொன்று தாளம். நீங்கள் இரண்டையும் செய்தீர்கள். எட்டாவது படிக்கும்போது ஒரு பையன் அந்த வார்த்தையைச் சொல்லி என்னைக் கேலி செய்தான், நான் அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் உங்களிடம் சொல்கிறேன். ஒத்து ஊதுவது தலையாட்டுவது இல்லை. வாசிக்கிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அவர் ஸ்வரம் சேருகிறதா விலகுகிறதா என்று காட்டிக்கொடுப்பதே அதுதான்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கும் நீங்கள்தான் காரணம். முப்பது வருஷமாக மைக் செட் போடுகிறேன். எங்கே போனாலும் முதலில் சுருதியைச் சரிபார்த்துவிட்டுத்தான் மற்ற மைக்கைத் தொடுவேன். "மேளத்தை ஏத்துங்க, ரெண்டு சவுண்டு தூக்கலா வைங்க" என்று கல்யாண வீட்டுக்காரர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, சுருதி அமுங்காத அளவுக்குத்தான் ஏற்றுவேன். மேடையில் இருக்கிற யாருக்கும் என் பெயர் தெரியாது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

தை பிறந்ததும் வருகிறேன். பரண் மேல் உங்கள் ஒத்து இருக்கிறது என்று அண்ணன் சொன்னான், மெழுகெல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டதாம். திருவாவடுதுறையில் சீவாளி சொல்லி வைத்திருக்கிறேன், மெழுகும் கொண்டுவருகிறேன். உங்களால் இப்போது ஊத முடியாது, தெரியும். நான் ஊதுகிறேன், சுருதி சேர்ந்ததா என்று நீங்கள் சொல்லுங்கள். பப்பாளிக் காம்பில் இப்போது எழுபது வரை வந்திருக்கிறேன் பெரியப்பா.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்