சட்டைப்பையில் வைத்த பனி

புரூக்ளின்,
ஜனவரி 25

அன்புத் தம்பிக்கு,

இங்கே மூவரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? சம்பா அறுப்பு முடிந்ததா, இல்லை இன்னும் மிஷினுக்குக் காத்திருக்கிறீர்களா? போனில் உன்னோடு இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அம்மா வாங்கிக்கொள்கிறாள். உன்னிடம் நிதானமாகச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் ஒரு ராத்திரி முழுக்கப் பனி கொட்டியது. நம் மார்கழிப் பனியை நினைத்துக்கொள்ளாதே. அது புல் நுனியில் நிற்கும், வெயில் ஏறினால் போய்விடும். இது தவிடு சலித்த மாதிரி சத்தமே இல்லாமல் விழுந்துகொண்டே இருந்தது. விடிந்து பார்த்தால் தெருவில் நிறுத்தியிருந்த கார்கள் எல்லாம் வைக்கோல் போர் போல உருண்டு கிடந்தன. எனக்கு முதியோர் இல்லத்தில் ராத்திரி டியூட்டி. இருபது நிமிஷ நடை, அன்றைக்கு ஒரு மணி நேரம் ஆனது. வீட்டுக்குள் நுழைகிறேன், நம் பயல் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான்.

சாயங்காலம் ஒரே அழுகை. ஒரு கை பனியை உருட்டி ஜாக்கெட் பைக்குள் வைத்திருந்தானாம். கொக்கியில் தொங்கின ஜாக்கெட்டில் ஈரம்தான் மிச்சம். "பீட்டருக்கும் இப்படித்தான் ஆச்சு" என்று தேம்பினான். பீட்டர் பள்ளித் தோழன் என்று நினைத்தேன். இல்லை, நூலகத்தில் எடுத்து வந்த படப்புத்தகத்தில் வரும் பையன்.

'தி ஸ்னோயி டே' என்று பெயர், பனி நாள். எழுதி வரைந்தவர் எஸ்ரா ஜாக் கீட்ஸ். 1962இல் வந்தது. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சின்னப் பையன் காலையில் எழுந்து பனியைப் பார்க்கிறான், சிவப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு வெளியே போகிறான், கால் தடம் பதிக்கிறான், குச்சியால் மரத்தைத் தட்டித் தலையில் பனியைக் கொட்டிக்கொள்கிறான். பெரிய பையன்களின் சண்டையில் சேர வயது போதாது. ஒரு பனி உருண்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறான். தூங்கப்போகும் முன் கையை விட்டுப் பார்த்தால் பை காலி. அவ்வளவுதான். ஆனால் அந்தப் பையன் கறுப்பினக் குழந்தை. எழுத்தில் ஓர் இடத்திலும் அதைச் சொல்லவில்லை, படத்தில் இருக்கிறான், அவ்வளவே. அதற்கு முன் கீட்ஸ் பல வருஷம் மற்றவர்கள் எழுதிய கதைகளுக்குப் படம் போட்டவர். தன் கைக்கு வந்த எந்தக் கதையிலும் அப்படி ஒரு குழந்தை நாயகனாக வரவில்லையே என்று அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. 1940இல் ஒரு பத்திரிகையில் வந்த சின்னப் பையனின் போட்டோக்களைக் கத்தரித்து இருபது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார். அந்த முகம்தான் பீட்டர் ஆனது.

நீ டிராயிங் மாஸ்டர், உனக்கு இது பிடிக்கும்: முக்கால்வாசிப் படங்கள் வெட்டி ஒட்டியவை. பீட்டருடைய அம்மாவின் உடை, அலமாரித் தட்டில் விரிக்கும் எண்ணெய்த்துணியில் வெட்டியது. படுக்கை விரிப்பு, ஓவியம் தீட்டும் கேன்வாஸ் துணி. ரப்பரில் பூ வெட்டி, வர்ணத்தில் தோய்த்துக் குத்தின அச்சுதான் விழுகிற பனி. ராத்திரிச் சாம்பல் நிறம் வேண்டும் என்று பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மையைத் தெளித்திருக்கிறார். அப்படி ஒட்டுவேலை செய்து அவருக்கு அதுவரை பழக்கமே இல்லையாம். அடுத்த வருஷம், 1963இல், இங்கே படப்புத்தகங்களுக்குத் தரும் பெரிய பரிசான கால்டிகாட் பதக்கம் அதற்குக் கிடைத்தது. நியூயார்க் பொது நூலகம் 2020இல் கணக்குப் பார்த்தபோது, அதன் 125 வருஷத்தில் அதிகம் பேர் எடுத்துப் போன புத்தகம் இதுதான், 4,85,583 தடவை. பீட்டரும் அவன் நாயும் இங்கே பிராஸ்பெக்ட் பார்க்கில் வெண்கலச் சிலையாக இருக்கிறார்கள். பயல் அந்த நாயின் தலையைத் தடவாமல் வரமாட்டான்.

அந்த மனிதரின் கதையைப் படித்த அன்றைக்கு எனக்கு நம் அப்பா ஞாபகம். கீட்ஸ் பிறந்தது இதே புரூக்ளினில், 1916இல். போலந்திலிருந்து வந்த ஏழை யூதக் குடும்பம். அப்பா ஹோட்டலில் பரிமாறுகிறவர். படம் வரைந்தால் பட்டினிதான் என்று பையனை எப்போதும் பயமுறுத்துவாராம். ஆனால் வீட்டுக்கு வர்ண ட்யூப் வாங்கி வருவார். கேட்டால், பசியில் வந்த ஓவியன் ஒருவன் சூப்புக்குப் பதிலாகக் கொடுத்துவிட்டுப் போனான் என்று பொய் சொல்வார். பள்ளிப் படிப்பு முடிந்து பட்டம் வாங்குவதற்கு முதல் நாள் அந்த அப்பா மாரடைப்பில் இறந்துவிட்டார். உடலை அடையாளம் காட்டப் போனது பையன். பர்ஸைத் திறந்தால், தான் பரிசு வாங்கிய செய்தி வந்த பேப்பர் துண்டுகள், மடிப்பில் நைந்து கிடக்கின்றன.

"படம் சோறு போடுமாடா" என்று உன்னைத் திட்டிக்கொண்டே, ரைஸ் மில்லிலிருந்து பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் சீட்டுகளைக் கட்டுக்கட்டாக அப்பா கொண்டுவருவாரே. தேவையில்லாத சீட்டு, அடுப்புக்கு ஆகும் என்பார். ஒரு சீட்டையாவது அம்மா அடுப்பில் வைத்து நான் பார்த்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பனியைப் பார்த்து இவன் குதிக்கிறபோது எனக்குப் புதுத் தண்ணீர் வரும் நாள்தான் கண்ணுக்குள் நிற்கிறது. ஜூன் 12 மேட்டூர் திறந்தாச்சு என்று ரேடியோவில் சொன்னதிலிருந்து தூக்கம் இருக்காது. கல்லணை திறந்து, குடமுருட்டியில் வந்து, நம் வாய்க்காலுக்கு இன்றைக்கா நாளைக்கா என்று மதகடியிலேயே கிடப்போம். சருகும் எறும்பும் நுரையுமாக அது மணலில் நாக்கை நீட்டிக்கொண்டு வரும். நாம் அதற்கு முன்னால் வெறுங்காலோடு ஓடுவோம். பெரியவர்கள் நெல்லும் பூவும் தூவுவார்கள். நீ ஒரு தடவை அந்தத் தண்ணீரை டப்பாவில் பிடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாய். காலையில் அடியில் வண்டல் தங்கியிருந்தது.

இங்கே நூலகத்தின் தமிழ் அலமாரியை நான் முழுக்கத் தேடிவிட்டேன். தண்ணீர் வரும் நாள் ஒரு பக்கத்திலும் இல்லை. நீ அதைச் செய்யடா. நம் தெருப் பிள்ளைகள் நிறத்தில் ஒரு பிள்ளை, கதை கொஞ்சமாக இருந்தால் போதும். மணலுக்குக் கோரைப்பாய்த் துண்டு, கரைக்கு வாழைச்சருகு, பாட்டிக்கு அம்மாவின் பழைய சுங்குடி. வானத்துக்கு அப்பாவின் மில் சீட்டு மிச்சம் இருக்கிறதா பார். பள்ளிக்கூடப் பிள்ளைகளையே ஒட்டச் சொல். வரிகளை நான் எழுதுகிறேன், இப்போதே நாலு பக்கம் மனதில் இருக்கிறது.

புத்தகம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், மாசியில் ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். 2017இல் பீட்டர் படம் போட்டுத் தபால்தலை வெளியிட்டார்கள், அதில் ஒன்று இந்த உறைக்குள் இருக்கிறது. அம்மாவிடம் காட்டு.

பயல் ஒன்று கேட்கச் சொன்னான். புதுத் தண்ணீருக்கு முன்னால் ஓடிவரும் நுரை என்ன நிறம்? நான் பழுப்பு என்றேன், நம்பவில்லை. வெள்ளைதான் என்று சாதிக்கிறான். ஒரு தாளில் வர்ணத்தைப் பூசி அனுப்பு.

உன் அக்கா