இலையை வளவிலேயே விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒக்டோபர் பிறந்ததும் ரொறன்ரோவில் எங்கள் ஸ்காபரோ வீதிகளில், நகரசபை எடுத்துப் போவதற்காக இலை நிரப்பிய கடதாசிப் பைகள் வீட்டுக்கு வீடு வரிசை கட்டத் தொடங்கிவிடும். பெரும்பாலும் மேப்பிள் இலைதான். முற்றம் கூட்டித் துப்புரவாக வைத்திருந்து பழகிய சனம் நாங்கள். இலை கிடந்தால் வீட்டுக்கு அழகில்லை என்ற எண்ணம் இலேசில் போகாது. ஆனாலும் நம்மவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அந்த இலைகளை அனுப்பிவிடாதீர்கள். பின்வளவில் மரக்கறி போடுகிறவர்கள் அனுப்பவே கூடாது.

எனது ஊர் யாழ்ப்பாணத்து உரும்பிராய். அப்பா செம்மண்ணில் புகையிலையும் வெங்காயமும் செய்தவர். தோட்டத்துக்குக் குழை தாழ்ப்பது, அதாவது இலைதழையை மண்ணுக்குள் புதைத்துப் பசளையாக்குவது, அந்த நாளில் பெரிய வேலை. பூவரசங் குழையும் பனையோலையும் வண்டிலில் வந்து இறங்கும். காசு கொடுத்துத்தான் வாங்குவார்கள். வேலி அடைக்கும்போது வெட்டிய கிளையில் இருக்கும் இலையைக்கூட வீணாக்கமாட்டார்கள். அந்த மண்ணிலிருந்து வந்த நாங்கள், இங்கே மரம் சும்மா கொட்டித் தருகிற குழையைக் கட்டி அனுப்பிவிட்டு, மே மாதத்தில் கடைக்குப் போய்ப் பசளைப் பை வாங்குகிறோம். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இங்கே பல வளவுகளில் களிமண். கோடையில் காய்ந்தால் மண்வெட்டி இறங்காது. அதை இளக்குவதற்கு இலையைப்போல மலிவான மருந்து கிடையாது. புல் வெட்டும் இயந்திரத்தை இலைமேல் ஓட்டினால் நொறுங்கிவிடும். நொறுங்கியதை அள்ளிப் பாத்தியில் அரைச் சாண் உயரத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்துவிட்டால் காற்று தூக்காது. மிச்சத்தை மண்புழு பார்த்துக்கொள்ளும். புல்தரையில் மட்டும் முழு இலையைத் தடிப்பாக விடவேண்டாம், அடியில் புல் அழுகிவிடும். கறுப்பு வால்நட் மரத்து இலையையும் பாத்திக்குக் கொண்டுவராதீர்கள். அதிலுள்ள நச்சு தக்காளியையும் கத்தரியையும் வாட்டிவிடும்.

"பூசணி பூக்கிறது, காய்க்கவில்லை" என்று கோடையில் கோயிலில் கண்டவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். பூசணியும் பாகலும் ஆண்பூ வேறு பெண்பூ வேறாகப் பூப்பவை. தேனீ வந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து விழும். மஞ்சளும் கறுப்புமாக, உடம்பெல்லாம் மயிரோடு வருகிற பம்பிள்பீயைப் பார்த்திருப்பீர்கள். குளிர் வரும்போது அதன் கூட்டில் பழைய ராணியும் மற்றத் தேனீக்களும் செத்துவிடும். புதிய ராணிகள் மட்டும் தனித்தனியே மண்ணுக்குள் கொஞ்சம் ஆழத்தில் புகுந்து பனிக்காலத்தைக் கழிக்கின்றன. மேலே கிடக்கிற இலைதான் குளிர் உள்ளே இறங்காமல் தடுக்கிறது. பற்றைகளின் கீழும் வேலியோரமும் இலையை அப்படியே விடுங்கள். ராஸ்பெரியின் காய்ந்த தண்டுகளையும் ஒட்ட வெட்டவேண்டாம், சின்னத் தேனீக்கள் சில அவற்றின் உள்ளே கூடு வைக்கும்.

எதையுமே துப்புரவாக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோய்ப்புள்ளி விழுந்த தக்காளிச் செடி, சாம்பல் பூத்த பூசணிக் கொடி, கருந்தார் தெறித்ததுபோல் புள்ளி விழுந்த மேப்பிள் இலை, இவை கட்டாயம் போகவேண்டும். நோய் அவற்றில் தங்கி அடுத்த வருடமும் வரும். நகரசபை எடுத்துப் போவதற்குக் கடதாசிப் பையில் அல்லது மூடியில்லாத வாளியில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் ரொறன்ரோவில் எடுக்கமாட்டார்கள், ஒரு பை 20 கிலோவுக்கு மேல் இருக்கவும் கூடாது. வீதிக்கு இலையைத் தள்ளிவிடுவது சரியான பிழை. வடிகால் அடைத்து மழைத் தண்ணீர் தேங்கும்.

வெறுமையான பாத்தியில் உள்ளி (பூண்டு) நடலாம். ஒக்டோபர்தான் அதற்குக் காலம். பல்லின் கூர்ப்பக்கம் மேலே பார்க்க, இரண்டு அங்குல ஆழத்தில் நட்டு இலையால் மூடிவிட்டால் சரி. குளிரில் கிடந்தால்தான் அது பல் பல்லாகப் பிரியும். ஜூலையில் கிண்டலாம்.

கறிவேப்பிலைச் சாடியைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. ஊரிலிருந்து வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்க்கிறோம், ஆனால் ஒக்டோபர் வரை வெளியே வைத்துவிடுகிறோம். இரவு 10 பாகைக்குக் கீழே போகத் தொடங்கியதும், அனேகமாகச் செப்டெம்பர் கடைசியில், உள்ளே எடுத்துவிட வேண்டும். எடுக்குமுன் இலையின் அடிப்பக்கத்தையும் தண்டையும் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். செதில் பூச்சி ஒன்றிரண்டு செடியோடு வந்தாலும் வீட்டுக்குள் பெருகிவிடும். தெற்குப் பார்த்த யன்னலோரம் நல்லது. ஜனவரியில் இலை கொட்டும். செடி சாகிறது என்று பயந்து தண்ணீரைக் கூட்டுகிறார்கள், அங்கேதான் வேர் அழுகுகிறது. மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும். முருங்கையானால் முழங்கால் உயரத்துக்கு வெட்டி நிலவறையில் வையுங்கள், எப்போதாவது கொஞ்சம் தண்ணீர் போதும். வெளிக்குழாய்க்கு உள்ளே இருக்கிற அடைப்பைப் பூட்டி, குழாயில் நிற்கிற தண்ணீரை வடியவிடவும் மறக்கவேண்டாம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். கனடாவின் சுற்றுச்சூழல் திணைக்களம் உறைபனி எச்சரிக்கைகள் விடுகிறது. அவை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வருவதால், பிள்ளைகள் வேலைக்குப் போனபின் தனியே தோட்டம் பார்க்கிற முதியவர்கள் பலருக்கு அது தெரியவருவதில்லை. ஒரே இரவில் மிளகாயும் கத்தரியும் கறுத்துவிட்டன என்று விடிந்தபிறகுதான் கவலைப்படுகிறார்கள். செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து, பஞ்சாங்கக் குறிப்பு வருகிற பக்கத்தின் ஒரு மூலையில், அந்த வாரத்து இரவுக் குளிர் எவ்வளவு, எந்தச் சாடியை உள்ளே எடுக்கலாம், என்ன நடலாம் என்று நாலு வரி போடுங்கள். எழுதித் தருவதற்கு எங்கள் முதியோர் சங்கத்தில் தோட்டம் தெரிந்த பலர் இருக்கிறார்கள். நானும் எழுதித் தருவேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
ஸ்காபரோ